ஹில்டிங்குக்குக் கேட்காமல் போன பாட்டு

அந்த ஆண்டுகளை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது வெண்ணெய் நிறத்தில் இருந்த அந்தப் பெரிய பெட்டிகள்தான். சுந்த்ஸ்வால் நகரத்துக்கு வடக்கே, ஆற்றை ஒட்டிய எங்கள் வரிசை வீடுகளில், வேலை பார்க்கும் இடத்திலேயே சொல்லிவைத்து, சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி, வீட்டுக்கு ஒரு கணினி வாங்கிப் போட்டோம். பாதிப் பேருக்கு அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாது. சீட்டு விளையாடினோம். மேலே பின்னல் விரிப்புப் போட்டுப் பூச்சாடி வைத்தவர்களும் உண்டு. ஆனாலும் அது கண்விழிக்கும்போது ஒரு குட்டி இசை வரும் பாருங்கள், வீட்டுக்கு யாரோ விருந்தாளி வந்த மாதிரி இருக்கும்.

எங்கள் தேவாலயத்துப் பாடகர் குழுவை நடத்திய மைலிஸுக்கு அந்தப் பெட்டிகள்மேல் தனிப் பிரியம். கிறிஸ்துமஸ் விடிகாலை வழிபாட்டுக்கான பாட்டில் ஒவ்வொரு குரலுக்கும் உள்ள பகுதியைப் பியானோவில் தனித்தனியே வாசித்து, பதிவுசெய்து, எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிடுவாள். "வீட்லயே போட்டுப் போட்டுக் கேளுங்க. வியாழக்கிழமை வந்து என் முகத்தப் பாத்து முழிக்காதீங்க" என்பாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வார அட்வெந்து காலம் தொடங்கிய வாரம் அது. வியாழக்கிழமைப் பயிற்சிக்கு ஹில்டிங் வரவில்லை. அடிக்குரல் வரிசையில் அவன் இடம் காலியாக இருந்தது. அவன் இல்லாத அடிக்குரல், ஒரு கால் உடைந்த மேசை மாதிரி. காப்பி இடைவேளையில் மைலிஸ் என்னைத் தனியாக இழுத்தாள்.

"நேத்து போன் பண்ணினான், விவேக்கா. இனிமே பாட வரமாட்டேங்கிறான். ஏன்னு கேட்டா, வயசாச்சுங்கிறான்."

"அவனுக்கா? போன வாரம்தான் எங்க வீட்டுக் கூரைல ஏறிப் பனிய வாரிப் போட்டான்!"

"அதான் எனக்கும் புரியல. நீ மூணு வீடு தள்ளித்தான இருக்க? போய் என்னன்னு பாரு."

மறுநாள் மதியம் போனேன். மூன்று மணிக்கே இருட்டியிருந்தது. எல்லா ஜன்னல்களிலும் காகித நட்சத்திர விளக்குகள் எரிந்தன. அவன் மனைவி சிக்பிரிட் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். இன்னும் வீடு திரும்பவில்லை. கணினி அவள் பெயரில் வாங்கியது. ஆனால் உட்காருவது எப்போதும் இவன்தான்.

ஹில்டிங் காப்பி ஊற்றினான். இஞ்சி பிஸ்கட் டப்பாவைத் திறந்து வைத்தான். பிறகு பனியைப் பற்றிப் பேசினான். பனியைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்கள் நாள் முழுக்கப் பேசுவார்கள், தங்களைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

"மைலிஸ் அனுப்பிச்சுதான் வந்தியா?" என்றான் கடைசியில்.

"ஆமா. அவ அனுப்பலன்னாலும் வந்திருப்பேன். என்னடா உனக்கு?"

கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தான். "காது போச்சு."

"என்னது?"

"மர அறுவை ஆலைல இருந்தப்பவே டாக்டர் சொன்னாரு. கீச்சுங்கிற மெல்லிசான சத்தமெல்லாம் ஒண்ணொண்ணாப் போகும்னு. வெட்டுக்கிளி சத்தம் போன கோடையிலயே போச்சு. சிக்பிரிட் 'எப்படிக் கத்துது பாரு'ங்கிறா, எனக்கு ஒண்ணுமே இல்ல. இப்ப இந்தப் பெட்டியும் போச்சு. மைலிஸ் அனுப்பின பாட்டப் போடறேன், நம்பர் ஓடுது, சத்தம் மட்டும் வரல. அடிக்குரல் பாட்டே கேக்கலன்னா நான் அங்க நின்னு என்ன பண்றது? பக்கத்துல நிக்கிறவனையும் சேத்துக் கெடுக்கவா?"

"நான் பேசறது கேக்குதில்ல?"

"நீ பேசறது ஆத்துக்கு அந்தப் பக்கமும் கேக்கும்."

"ரேடியோ?"

"அது கேக்குது. அதுல ஸ்பீக்கர் பெருசு. இதுல சின்னது."

"சிக்பிரிட்கிட்ட இதுல சத்தம் வருதான்னு கேட்டியா?"

அவன் ஜன்னலைப் பார்த்தான். "கேட்டா, வருதுன்னு சொல்லிடுவாளே."

ஆறடிக்கு மேல் உயரம், கை ஒவ்வொன்றும் துடுப்பு மாதிரி. அந்த ஆள் மனைவியின் ஒற்றை வார்த்தைக்குப் பயந்து, வாழ்நாள் முழுக்கப் பாடிய குழுவை விட்டு விலகியிருந்தான்.

"போடு, நானும் கேக்கறேன்" என்றேன்.

போட்டான். திரையில் நொடிகள் ஓடின. நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றும் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் எனக்கும் காது போய்விட்டதோ என்று விரலை விட்டுக் குடைந்து பார்த்தேன்.

"கேக்குதா?" என்றான் மெதுவாக.

"இல்ல."

"கொஞ்சங்கூடவா?"

"துளிகூட இல்ல, ஹில்டிங்."

அவன் முகத்தில் வந்த அந்த மலர்ச்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாற்காலி கிரீச்சிடச் சிரித்தான். ஆனால் நான் பெட்டியைச் சரிசெய்யக் குனிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"விட்டுடு, விவேக்கா. இப்படியே இருக்கட்டும்."

எனக்குப் புரிந்தது. பெட்டி ஊமையாக இருக்கும்வரை குற்றம் பெட்டியுடையது. பெட்டி பேசத் தொடங்கி, அப்போதும் அவனுக்குக் கேட்காவிட்டால்?

"முடியாது. எங்களுக்கு அடிக்குரல் வேணும்" என்றேன்.

எனக்கு என்ன பெரிதாகத் தெரியும்? என் வீட்டுப் பெட்டியோடு மல்லுக்கட்டித் தெரிந்துகொண்டதுதான். திரையின் கீழ் மூலையில் குட்டி ஸ்பீக்கர் படம் இருக்கும், அதில் சிவப்புக் கோடு இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. ஒலியளவு உச்சியில்தான் இருந்தது. பெட்டிக்குப் பின்னால் தவழ்ந்து போய், ஸ்பீக்கர் கம்பி பச்சைத் துளையில் இருக்கிறதா, தவறிப்போய் இளஞ்சிவப்பில் செருகிவிட்டானா என்று பார்த்தேன். பச்சையில்தான் இருந்தது. ஹில்டிங் எனக்கு டார்ச் பிடித்தான். பிடித்தான் என்று பெயர், வெளிச்சம் பாதி நேரம் கூரையில்தான் இருந்தது.

"கோளாறு கிடைக்கலன்னா பரவால்ல" என்றான், ரொம்ப நம்பிக்கையோடு.

ஸ்பீக்கரின் குமிழைத் திருகினேன். அப்போதுதான் கவனித்தேன்: குமிழுக்குப் பக்கத்தில் எரிய வேண்டிய பச்சைப் புள்ளி எரியவில்லை. ஸ்பீக்கருக்கு மின்சாரமே வரவில்லை. அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனேன். மேசைக்குப் பின்னால், திரைச்சீலைக்கு அடியில் போய், தரையில் செத்த எலி மாதிரி கிடந்தது அதன் பிளக். அது இருக்க வேண்டிய பாயிண்டில் ஜன்னல் நட்சத்திரத்தின் பிளக் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"நட்சத்திரத்த யார் மாட்டினது?"

"நான்தான். சனிக்கிழமை." யோசித்தான். "அந்தக் குட்டி பிளக் எதுக்குன்னு தெரியல. பிடுங்கினேன். திரை எரிஞ்சுது, எல்லாம் ஓடிச்சு. தேவையில்லாத ஒண்ணுன்னு விட்டுட்டேன்."

அட்வெந்துக்கு ஜன்னலில் விளக்கு இல்லாமல் எங்கள் ஊரில் யாரும் இருக்க மாட்டார்கள். அந்தப் பழைய வீடுகளிலோ சுவருக்கு ஒன்றிரண்டு பாயிண்ட்தான். அன்று எத்தனை வீட்டில் எது எது அணைந்துகிடந்ததோ!

நட்சத்திரத்தைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரைச் செருகினேன். பச்சைப் புள்ளி எரிந்தது. அதே சமயம் வாசல் கதவு படாரென்று திறந்தது. சிக்பிரிட், தொப்பியில் பனியோடு.

"யாரு நட்சத்திரத்த அணைச்சது? தெருவுல போறவங்க நாம செத்துட்டோம்னு நினைக்கப் போறாங்க! ஏய் கிழவா, விவேக்கா ஏன் மேசைக்கடியில கிடக்கா?"

"உன் புருஷன் தனக்குக் காது போச்சுன்னு நினைச்சுக்கிட்டிருக்கான்" என்றேன், தவழ்ந்து வெளியே வந்தபடியே. "குழுவ விட்டு நின்னுட்டான்."

அவள் கையுறைகூடக் கழற்றாமல் அப்படியே நின்றாள். "நின்னுட்டியா? என்கிட்ட சொல்லாமயா?"

ஹில்டிங்கின் கண் அந்தப் பச்சைப் புள்ளிமேல் இருந்தது. நான் சுட்டியை அழுத்தினேன்.

முதலில் மைலிஸ் தொண்டையைச் செருமுவது வந்தது. பிறகு அடிக்குரல் பகுதி, ஒற்றை விரலால் வாசித்தது, தட்டுத் தடுமாறி மரப்படி இறங்குவது போல. நானும் சிக்பிரிட்டும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றோம். அவன் அசையவில்லை. மூன்றாவது வரியில்தான் அவன் நெஞ்சுக்குள்ளிருந்து ஏதோ புறப்பட்டது. பாடுகிறோம் என்றே தெரியாமல் கூடவே பாடிக்கொண்டிருந்தான்.

சிக்பிரிட் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"மேல்குரலையும் போடு" என்றான் முடிந்ததும். போட்டேன். பாதிவரை தலையாட்டினான். உச்சிக்குப் போன இடத்தில் ஆட்டம் நின்றது. அது இறங்கி வந்ததும் மறுபடி தொடங்கியது.

"அங்க ஓட்டை இருக்கு" என்றான், சாதாரணமாக.

"அந்த ஓட்டைக்குள்ள பாடறது நம்ம மேல்குரல்காரி பிர்கித்தா. நீ ஒண்ணும் இழக்கல" என்றேன்.

சிக்பிரிட் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உடனே குரலை உயர்த்தினாள். "அப்ப இந்த வாரம் பூரா 'குப்பைய வெளிய வை'ன்னு நான் கத்தினது?"

"அது கேட்டுது."

"கேட்டுதா!"

"காது போச்சே, இனி பாட்டும் இல்ல, குப்பையாவது இல்லாம இருக்கட்டும்னு..."

அவள் கையுறையால் அவன் தோளில் அடித்தாள். பிறகு கையை அங்கேயே வைத்துக்கொண்டாள்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. விலகுகிறேன் என்று சொன்ன மனிதன் அதைத் திரும்பப் பெறுவது எங்கள் ஊரில் ஆற்றைத் திருப்பிவிடுவது மாதிரி. தொலைபேசிக்கு முன்னால் நெடுநேரம் நின்றான். சிக்பிரிட்டே எண்ணைச் சுழற்றி ரிசீவரை அவன் கையில் கொடுத்தாள். மைலிஸ் போனுக்கு வெளியேயும் கேட்கும்படி பேசுகிறவள். அதனால் எங்களுக்கும் கேட்டது.

"மைலிஸ், நான் புதன்கிழமை சொன்னது... அதாவது, குழுவ விட்டு விலகறேன்னு..."

"யாரு, ஹில்டிங்கா?" என்றாள் அவள். "நீ அப்படி எதுவும் சொன்ன மாதிரி எனக்குக் கேக்கலயே. வியாழக்கிழமை சீக்கிரம் வா. நாற்காலியெல்லாம் எடுத்துப் போடணும்."