வெண்கலத்தின் வீட்டில் இன்னொரு குரல்

வாஷிங் மெஷின் பழுதானால் ஊரே திட்டுவதற்குப் போன் செய்யும் பிரிவுக்கு நான்தான் மேலாளர். யாரை வீட்டிலிருந்து வேலை செய்ய விடலாம் என்று முடிவெடுக்கும் தலைவலியும் என் தலையில்தான் விழுந்தது. மேலிடத்தின் விதி ஒன்றுதான்: போனில் வேறு குரல் கேட்கக் கூடாது. கேட்டால் மறுநாளே ஆபீஸ்.

குழந்தைக்காரர்கள், மாமியார்க்காரர்கள் எல்லாரையும் கழித்துக்கட்டினேன். வெண்கலம் மட்டும் தேறினாள். அவள் குரலுக்கு நாங்கள் வைத்த பெயர் அது.

"வீட்டுல நானும் அவரும்தான் சார். பக்கவாதம் வந்ததுலேர்ந்து அவருக்குப் பேச்சே இல்ல."

பேச்சே இல்லாத வீடு. உடனே அனுப்பிவிட்டேன்.

சில வாரம் கழித்து அவளுடைய அழைப்புப் பதிவுகளைக் கேட்டேன். பின்னால் ஓர் ஆண் குரல்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் காதிலேயே பூ சுற்றுகிறாளா? போனைப் போட்டேன்.

"யாரும்மா அது, வீட்டுல?"

"அவர்தான் சார்."

"பேச்சு வராதுன்னீங்க?"

"வரலதான். பேச்சுப் பயிற்சி குடுக்குறவங்க அம்மா சொல்லு, தண்ணி சொல்லுன்னு பாடாப் படுத்தியும் வாயத் தெறக்கல. நான் நாள் பூரா கஸ்டமர்கிட்ட சொல்றதக் கேட்டுக் கேட்டு, இப்ப அத மட்டும் சொல்றாரு." சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. "என்னக் கூப்பிடணும்னாலும் 'லைன்லயே இருங்க'ன்னுதான் கூப்பிடறாரு சார். ஆபீஸுக்கு வரச் சொல்லிடாதீங்க. என் குரல் கேக்கலன்னா அதுவும் நின்னுடும்."

அழுகை வந்தால் அதட்டுவது என் வழக்கம்.

"யாரு வரச் சொன்னா இப்ப? மேலிடத்துக்கு நான் பதில் சொல்லிக்கறேன். போன அவர்கிட்ட குடுங்க."

ஏதோ உரசும் சத்தம். பிறகு மூச்சு மட்டும். லிப்ட் வரும்வரை நிற்கக்கூடப் பொறுமை இல்லாத ஆள் நான். மேஜையில் இன்னொரு போன் அலறியது, எடுக்கவில்லை.

"லை... லைன்ல..."

மறுபடி மூச்சு. பக்கத்தில் அவள், "சொல்லுங்க, சொல்லுங்க" என்றாள்.

"...யே... இரு... ங்க."

"இருக்கேன் சார்," என்றேன். "மெதுவா பேசுங்க. எனக்கு ஒரு வேலையும் இல்ல."