சத்திரத்துச் சுவரும் என் கையெழுத்தும்

1

நான் ஒரு பொய் சொன்னேன். அதனால்தான் இந்தக் கதை. நேற்று, சனிக்கிழமை, புதுக்கோட்டையில் எங்கள் கட்டடக் கலைஞர்கள் சங்கக் கூட்டத்தில், மைக்கைப் பிடித்துச் சொன்னேன். கூட்டத்தின் தலைப்பு 'பழைய கட்டடங்களைப் பழைய முறையிலேயே காப்போம்'. கூட்டம் நடந்த மண்டபம் போன வருடம் கட்டியது. நான்கு ஏ.சி.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "நூறு வருடமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஒரு சுவர்..."

அடித்துவிட்டேன். சுவர் மூச்சு விடுகிறது என்று மேடையில் பேசுகிறவர்கள்தான் (என்னையும் சேர்த்து) அதன்மேல் சிமெண்ட் பூசியவர்கள்.

இரண்டாவது: "அருண்குமார் என்ற கட்டடக் கலைஞர் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அரிமளத்தில் ஒரு பழைய சத்திரத்தைப் புதுப்பித்தான்." இது இருக்கட்டும். இதில் அருண்குமார் மட்டும் கற்பனை.

3

சுண்ணாம்புக் காரைச் சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். சத்திரத்தின் உள்சுவர் இப்போது உப்பிக்கொண்டு நிற்கிறது. அபாயக் கட்டடம் என்று பூட்டி சீல் வைத்துவிட்டார்கள். உள்ளே, அங்கே தையல் கூடம் நடத்திவந்த மருதாயியின் ஒன்பது மிஷின்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது, சீருடை ஆர்டர் பாதியில் கிடக்கிறது. இடிப்பதா வேண்டாமா என்ற அறிக்கையை எங்கள் உறுப்பினர் சிவரஞ்சனி திங்கள் காலை பதினொரு மணிக்குக் கொடுக்க வேண்டும்.

மருதாயி கூட்டத்துக்கு வந்திருந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் சால்வை* போர்த்துவது எங்கள் வழக்கம். அவருக்கும் போர்த்தினோம். அதிலேயே ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. பிறகு அவர் எழுந்தார்.

"சால்வை இருக்கட்டுங்க. கட்டடம் நிக்குமா நிக்காதா? இடிச்சுப்புட்டா ஒம்போது மிஷினையும் தூக்கிக்கிட்டு எங்கிட்டுப் போறது?"

சிவரஞ்சனி என் பக்கம் திரும்பினார்.

"பழைய காரை உள்ள அப்படியே இருந்தா, உப்பியிருக்கறது மேல்பூச்சு மட்டுந்தான் சார். உரிச்சுட்டுச் சுண்ணாம்பு பூசிக்கலாம். காரையக் கொத்தி எடுத்துட்டு சிமெண்ட் பூசியிருந்தா, செங்கல்லே ஊறிப் போயிருக்கும். இடிக்கத்தான் வேணும். சீல் ஒடைச்சுப் பாக்க அனுமதி வர ஒரு மாசமாகும். கொத்தி எடுத்ததா ரெக்கார்டுல இருக்கு, ஒங்க கையெழுத்தோட. அப்படித்தானே சார்?"

\* பாலியெஸ்டர்.

4

கதையில் இந்த இடத்தில் அருண்குமார் எழுந்து நின்று, "இல்லைங்க, கொத்தல. தெறப்பு விழாவுக்கு ரெண்டே நாள்தான் இருந்துச்சு. மேலயே பூசச் சொல்லிட்டேன்" என்கிறான். மருதாயி சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

(இதையும் அடித்துவிட்டேன். மருதாயி அழுகிற ஆள் இல்லை. அருண்குமாரும் உண்மை பேசுகிற ஆள் இல்லை. அவன் போட்டிருப்பது என் சட்டை.)

பூச்சு வேலை நடந்த அன்றைக்கே கொத்தனார் அருள்தாஸ் சொன்னார்: "காரையக் கொத்தாமப் பூசுனா பூச்சு நிக்காதுங்க சார்."

"மேலயே பூசுங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன். பார்த்துக்கொண்டேன். காரை முழுவதையும் கொத்தி அகற்றியதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் திருட்டு வேலைதான் இன்றைக்குச் சத்திரத்துக்கு இருக்கும் ஒரே நல்ல செய்தி. அதைச் சொன்னால் என் லைசென்ஸ் போய்விடும்.

"ரெக்கார்டுல என்ன இருக்கோ அதுதாங்க" என்று மைக்கில் சொன்னேன். மருதாயி என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். அவர் கும்பிட்டதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதற்குப் பிறகு நன்றியுரையும் நானே.

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ) இடிக்கிறார்கள். பொக்லைன் முதலில் இடித்த இடத்திலேயே சிமெண்ட் பாளமாக உரிந்து விழுகிறது. உள்ளே காரை பழுதில்லாமல் இருக்கிறது. டிரைவர் அதைப் பார்க்கிறார். அவருக்கு இன்னொரு இடத்திலும் வேலை இருக்கிறது.

ஆ) நான் இப்போதே சிவரஞ்சனிக்குப் போன் செய்து

6

இன்று ஞாயிறு, மதியம் மூன்று மணி. 'ஆ' அந்த இடத்திலேயே நிற்கிறது. போன் மேஜைமேல்தான் இருக்கிறது, சார்ஜும் இருக்கிறது.

உண்மை முழுவதையும் கதையில் எழுதிவிட்டேன். கதை என்பதால் யாரும் என்னைப் பிடித்துக் கேட்க முடியாது. ஒரே சிக்கல், சிவரஞ்சனி கதை படிப்பதில்லை. நீங்கள் படிக்கிறீர்கள். புதுக்கோட்டையில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. திங்கள் பதினொரு மணிக்குள் அவரிடம் போய், காரை உள்ளேதான் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

நான் சொன்னதாக மட்டும் சொல்ல வேண்டாம்.