கேட்டதும் சொன்னதும்

கொறற்றி சமையலறை மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஒரே வரியை எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தார். ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் இருக்கும் ரஷ்ய இலக்கியச் சங்கத்துக்கு முப்பது வயது. அதன் வரலாற்றை எழுதி விழாவில் வாசிக்கும்படி தலைவர் எமில் கேட்டிருந்தார். “நீங்கள் எந்தப் பக்கமும் சாராதவர்” என்று காரணமும் சொல்லியிருந்தார்.

முதல் பக்கங்கள் தண்ணீர்பட்ட பாடாக வந்தன. கசகஸ்தானிலிருந்து வந்த எமிலும் கார்கிவில் பிறந்த லுத்மிலாவும் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் ஐந்தாறு பேரோடு தொடங்கிய சங்கம். ஒருவர் கதை வாசிப்பார். மற்றவர்கள் கைகலப்பு வராத குறையாக வாதாடுவார்கள். கொறற்றி கார்கிவில் பொறியியல் படித்தவர். பிறந்த ஊரில் போர் மூண்டதால் திரும்பிப்போக வழியில்லாமல் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினார். ஜெர்மன் நாவில் ஏறாமல் ஊமைபோலத் திரிந்த ஒருநாள், பேருந்தில் இரண்டு பெண்கள் ரஷ்ய மொழியில் வெங்காய விலை பேசுவதைக் கேட்டு, அவர்கள் பின்னாலேயே இறங்கிவிட்டார். அவர்களில் ஒருவர் லுத்மிலா; சங்கத்துக்குக் கூட்டிப்போனதும் அவர்தான். இந்த நாட்டில் கொறற்றி முதன்முதலாகப் பகிடி சொல்லி ஒருவரைச் சிரிக்கவைத்தது அன்றுதான்.

எழுத்து தடக்கியது 2022ஆம் ஆண்டுக்கு வந்தபோது. கார்கிவில் ரஷ்யக் குண்டுகள் விழத் தொடங்கியதும், சங்கம் ஓர் அறிக்கை விடவேண்டும் என்று லுத்மிலா கேட்டார். “நாங்கள் இலக்கியம் பேச வந்தவர்கள்” என்றார் எமில். லுத்மிலா எழுந்து போனார். அவரோடு பாதிப்பேர் போனார்கள். ‘தனிப்பட்ட காரணங்களால் விலகினார்’ என்ற ஒரு வரி போதும் என்பது எமிலின் யோசனை.

“அவையின்ர சண்டைக்குள்ள நீர் ஏன் தலையைக் குடுக்கிறீர்?” என்றார் கணவர் நித்தியானந்தன், கறிக்கு லீக்ஸ் அரிந்துகொண்டே.

“அது என்ர சங்கமும்தானேப்பா.”

அவர் அரிந்ததைச் சட்டிக்குள் தள்ளினார். “அப்ப அந்த மனிசியையே போய்க் கேளுமன்.”

லுத்மிலா கதவைத் திறந்து ஜெர்மனில் வரவேற்றார். ரஷ்ய மொழி பேசுவதை அவர் விட்டிருந்தார். முப்பது வருடச் சிநேகிதிகள் இருவரும் அலுவலகத்தில் சந்தித்தவர்களைப் போல ஜெர்மனில் சுகம் விசாரித்தார்கள். கொறற்றி ஒரு சொல்லைப் பிழையாகச் சொல்ல, லுத்மிலா திருத்தினார். தானும் அடுத்த வாக்கியத்தில் பிழைவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு மாறவே இல்லை.

கொறற்றி எமிலின் வரியைச் சொன்னார். லுத்மிலாவின் முகம் இறுகியது.

“தனிப்பட்ட காரணமா? நான் கேட்டதை எழுது. அவர் சொன்னதை எழுது. அதற்குமேல் ஒரு சொல்லும் வேண்டாம்.”

அப்படியே எழுதி அனுப்பினார் கொறற்றி. மறுநாள் எமில் தொலைபேசியில் அழைத்தார். “அந்தப் பக்கத்தை நீங்கள் வாசிக்க வேண்டாம்” என்றார். இத்தனை வருடப் பழக்கம் இதோடு முடிந்தது என்று கொறற்றி நினைத்தார்.

“நான் வாசிக்கிறேன்” என்றார் எமில்.

விழாவில் அந்த இடம் வந்தபோது எமிலின் குரல் தணிந்தது, ஆனால் ஒரு சொல்லையும் அவர் விழுங்கவில்லை. வாசித்து முடித்து, “அன்று நான் இப்படித்தான் சொன்னேன்” என்று சேர்த்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். அப்போதுதான் கொறற்றி கதவடியில் லுத்மிலாவைக் கண்டார். மேலங்கியைக் கழற்றாமல், சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்.

பிறகு தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது, “பிழையில்லாமல் எழுதியிருக்கிறாய்” என்றார் லுத்மிலா, ஜெர்மனில்தான். கொறற்றிக்கு அது போதும்போல இருந்தது. மனம் நிறைந்துபோய்க் கோப்பைகளைக் கழுவப் போனார்.

கூட்டம் கலைந்தது. எமில் மேடைப் பக்கமிருந்து எல்லோரும் உட்கார்ந்திருந்த கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார். லுத்மிலா கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தார். மேலங்கியோடே கதவுப் பக்கத்து வரிசையிலிருந்து அடுக்கத் தொடங்கினார். கொறற்றி குழாயை மூடிவிட்டுக் காதுகொடுத்தார். மண்டபத்தின் இரண்டு முனைகளிலிருந்தும் கதிரைச் சத்தம் நடுவை நோக்கி வந்துகொண்டிருந்தது.