மண்ணாங்கட்டிக்குக் கவசம்

கவசம் போடக் கூடாது என்றால் கூடாதுதான். விதிப்புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. மந்திரத்தால் செய்த பூதங்களுக்கு உடம்பே கவசம். அதற்கு மேல் ஒன்றை மாட்டினால் பலம் கூடாது, நடைதான் மந்தமாகும். தலைபாடாக அடித்துக்கொண்டேன். அண்ணி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு நாங்கள் ஆடும் விளையாட்டு இது. குகை, ராட்சசன், புதையல் என்று கதையை நான் சொல்லிக்கொண்டு போவேன். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசுவார்கள். அடி விழுமா தப்புமா என்பதைப் பகடை சொல்லும். பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர்தான் மந்திரவாதி. தையல்கடை வைத்திருக்கும் அண்ணி, கதையில் பூதம் செய்கிறவள். அவள் மண்ணைப் பிசைந்து உயிர் கொடுத்த பூதத்துக்கு மண்ணாங்கட்டி என்று பேர்.

அதை ஆடுவது என் அண்ணன். முதல் குகையிலேயே வீராதிவீரனாகப் பாய்ந்து செத்துத் தொலைத்தவனை வேறு என்ன செய்வது? பூதத்துக்குப் பேச்சு வராது. விரல் உயரக் களிமண் பொம்மை கையில் இருக்கும்வரை அவன் 'ம்' அல்லது 'ம்ஹூம்' மட்டும்தான் சொல்லலாம். கீழே வைத்தால் தன் வாயால் பேசலாம். வாய் ஓயாதவனை அடக்க நான் போட்ட சட்டம் அது.

"அதுக்கு எதுக்கு அண்ணி கவசம்? கல்லு மாதிரி இருக்கு!" என்றேன்.

"இருந்துட்டுப் போகட்டும். எனக்குப் போடணும்."

அண்ணன் பொம்மையைக் கீழே வைத்தான். "அதைக் கட்டினா கை கால் அசையாதுடி. நான் தினமும் கம்பத்துல ஏறுறவன், எனக்குத் தெரியாதா?"

அண்ணன் மின்கம்பத்தில் ஏறுகிற லைன்மேன். மூன்று மாதத்துக்கு முன் இடுப்பில் பாதுகாப்பு பெல்ட் கட்டாமல் ஏறி, மேலிருந்து விழுந்து, இடது தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டு வந்தான். கட்டுப் பிரித்தாகிவிட்டது. நாளைக்கு மறுபடி வேலை. பெல்ட் பேச்சை எடுத்தாலே ஒரு ஜோக்கடித்து எழுந்து போய்விடுவான். அண்ணியும் பேசிப் பார்த்து ஓய்ந்துவிட்டாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அண்ணி வாயை அடைக்க ஒரே வழிதான் தெரிந்தது. "சரி, போடுங்க. ஆனா பூதத்துக்குக் கடையில வாங்கின கவசம் சேராது. அளவெடுத்துத்தான் செய்யணும். சொல்லுங்க பார்ப்போம், மண்ணாங்கட்டிக்கு என்ன அளவு?"

அண்ணி கொஞ்சமும் யோசிக்கவில்லை. கடையில் துணி வெட்டுகிறவளுக்குச் சொல்வதுபோல மளமளவென்று சொன்னாள். "மார்பு நாப்பது. இடுப்பு முப்பத்தாறு. கை இருபத்தி நாலு. இடது தோள் அரை இஞ்ச் இறக்கம், அங்க பட்டை அழுத்தக் கூடாது, மெத்து வெச்சுத் தைக்கணும்."

"பத்தடி பூதத்துக்கு மார்பு நாப்பதா?" என்று மருந்துக்கடைக்காரர் சிரித்தார். சிரித்தவர் அண்ணன் தோளைப் பார்த்தார். அப்புறம் தன் தேநீர்க் கோப்பையைப் பார்க்க ஆரம்பித்தார்.

அண்ணிக்கும் அப்போதுதான் உறைத்தது. முகம் சிவந்துவிட்டது. இந்தப் பெண்ணிடமா இவ்வளவு நேரம் விதி பேசினேன்?

"அட, மண்ணுதானே?" அண்ணன் சிரிக்கப் பார்த்தான். "விழுந்து உடைஞ்சா திரும்பப் பிசைஞ்சுக்க வேண்டியதுதான்."

"பிசையத் தெரியும்," என்றாள் அண்ணி. "ஆனா அதே ஆளு வர மாட்டான்."

அண்ணி மடியிலிருந்து எதையோ எடுத்தாள். ரெக்சின் துண்டில் தைத்த குட்டிக் கவசம். எப்போது தைத்தாளோ! அதைப் பொம்மைக்கு மாட்டி, இடுப்பில் பட்டையை இறுக்கினாள். பொம்மையை அண்ணன் உள்ளங்கையில் வைத்து அவன் விரல்களை மூடினாள். தன் கையை எடுக்கவில்லை.

"மண்ணாங்கட்டி," என்றாள். "நாளைக்கு மேல ஏறும்போது கட்டிக்கிறியா?"

அண்ணன் என்னைப் பார்த்தான், தங்கச்சி, ஏதாவது சொல்லிக் காப்பாத்து என்பதுபோல. நான் விதிப்புத்தகத்தை மூடினேன்.

"கையில பொம்மை இருக்கு," என்றேன். "சட்டம் சட்டம்தான்."

அவன் கண் கலங்கியதை நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

"ம்," என்றான்.

"தினமும்?"

"ம்."

மருந்துக்கடைக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஆட்டம் நடக்குமா நடக்காதா என்று அதட்டினார். நடந்தது. மண்ணாங்கட்டி அன்று மந்தமாகத்தான் நடந்தது. ராட்சசன் தப்பித்துப் போனான், போகட்டும். ஆட்டம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் அண்ணன் பொம்மையைக் கீழே வைக்கவில்லை.