முகத்துக்குப் போன பல் டாக்டர்

முக அழகு அறுவைப் பிரிவில் பயிற்சிக்கு ஒரே ஒரு இடம். கேட்டு வந்தவர்கள் இரண்டு பேர். இருவரையும் ஒரு மாதம் வைத்து வேலை வாங்கிய பிரிவுத் தலைவி, கடைசி நாள் காலையில் ஒரு நோயாளியைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். "முகத்தைப் பாத்துட்டு என்ன ஆபரேஷன் செய்வீங்கன்னு சொல்லுங்க. யாரை எடுக்கறதுன்னு அப்புறம் சொல்றேன்" என்றார்.

இருவரில் ஒருத்தி பல் டாக்டர். குடோனில் மூட்டை தூக்குகிறவர் மகள். பல் படிப்பு ஐந்து வருடம், அதற்கு மேல் வாய், தாடை அறுவைக்கு மூன்று வருடம். பைக்கில் விழுந்து தாடை மூன்று துண்டாக வந்தவர்களுக்கெல்லாம் தகடு வைத்து முடுக்கியிருக்கிறாள். முகத்து எலும்பு அவளுக்கு அத்துப்படி. ஆனால் எலும்பைச் சேர்த்துவிட்டு, மேலே தோலில் கிடக்கிற தழும்புக்கு "அதுக்கு வேற டாக்டர்" என்று சீட்டு எழுதி அனுப்புவது அவளுக்குப் பொறுக்கவில்லை. சுவரைக் கட்டியவள் பூச்சு வேலையையும் கற்றுக்கொள்வது என்று கிளம்பி வந்துவிட்டாள்.

அப்பாவுக்கு இது பிடிபடவில்லை. "பல்லு முடிஞ்சு தாடை, தாடை முடிஞ்சு மூஞ்சி. இப்படியே ஏறிக்கிட்டுப் போனா எப்ப பாப்பா உச்சந்தலையைத் தாண்டுவே?" என்று கேட்டார். கேட்டாரே தவிர, குடோன் முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டார். மேஸ்திரி தன் மூக்குக்கு அப்போதே துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டார்.

மற்றவன் பொது மருத்துவம் படித்து அறுவைக்கு வந்தவன். அவன் கோட்டு கசங்கி யாரும் பார்த்ததில்லை என்பதால் நர்ஸுகள் அவனுக்கு 'இஸ்திரி' என்று பெயர் வைத்திருந்தார்கள். கெட்டவன் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம்.

"என்னங்க பல்லு, இன்னிக்கு யாரோட கடைவாயைப் பிடுங்கப் போறீங்க?" என்பான்.

"உங்க நாக்கைத்தான். படுங்க" என்பாள் அவள்.

நோயாளி ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வயது அறுபத்திரண்டு. கன்னம் தொங்கி, வாயோரம் இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்து, மூக்கும் முகவாயும் ஒன்றோடொன்று ரகசியம் பேசப் போகிற மாதிரி நெருங்கியிருந்தன. உடன் வந்த மனைவி அவரை வாயைத் திறக்கவிடவில்லை.

"சும்மா உக்காந்திருந்தாக்கூட யாரையோ திட்டப் போற மாதிரியே இருக்காரு டாக்டர். பேரப்புள்ள மடியில உக்கார மாட்டேங்குது."

"முப்பத்தஞ்சு வருஷம் டிராபிக்ல ஓட்டினேன். மூஞ்சி அப்படியே நின்னுபோச்சு" என்றார் டிரைவர்.

இஸ்திரி முதலில் பார்த்தான். காதோரம் கீறி, தோலை மேலே இழுத்து, மிச்சத்தை வெட்டித் தைக்க வேண்டும் என்றான். பேனாவால் கன்னத்தில் கோடே போட்டுக் காட்டினான். நூல் பிடித்த மாதிரி கோடு. தலைவி தலையசைத்தார்.

அடுத்து அவள். தோலைத் தொட்டுப் பார்த்து எவ்வளவு தொய்வு என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். விளக்கைத் திருப்பினாள். பல் டாக்டர்கள் வழக்கமாக நிற்கிற மாதிரி நோயாளியின் வலப்பக்கம் போய் நின்றாள். எட்டு வருடப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஆ காட்டுங்க."

இஸ்திரி இருமுவது போல் சிரித்தான். நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டிரைவர் மட்டும் சொன்னதைச் செய்கிற மனிதர். வாயைத் திறந்து, மேல் பல் செட்டையும் கீழ் பல் செட்டையும் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார்.

அவளுக்குக் காது சுட்டது. திருப்பிக் கொடுத்துவிட்டுத் தோலுக்குப் போயிருக்கலாம். ஆனால் கையில் இருந்ததைக் கண் பார்த்துவிட்டது. பல் என்று சொல்ல அதில் ஒன்றும் மிச்சமில்லை. மூட்டை சுமப்பவர்கள் ஏறி இறங்கிய படிக்கட்டு போல் நடுவில் குழிந்து தேய்ந்திருந்தது.

"இதைப் போட்டு எத்தனை வருஷம் ஆச்சு?"

"பதினாறு" என்றாள் மனைவி. "தூங்கறப்பக்கூட கழட்ட மாட்டாரு. தூக்கத்துலயும் பிரேக் போட்டுக்கிட்டே இருப்பாரு, நறநறன்னு."

விஷயம் விளங்கிவிட்டது. பல் தேயத் தேய, வாய் மூடும்போது தாடை கூடுதலாக மேலே ஏறுகிறது. கம்பு குட்டையானால் கூடாரத்துணி தொங்கத்தானே செய்யும்?

அதை வெளியே சொல்வதில்தான் சிக்கல். இங்கே தேடுவது கத்தி பிடிக்கிற ஆளை. செட்டை மாற்றுங்கள் என்று சொன்னால், 'நீ பல்லுதான்' என்று இஸ்திரி ஒரு மாதமாகச் சொன்னதற்கு அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும். அவன் கன்னத்தில் வரைந்த கோட்டையே ஒரு விரல் தள்ளிப் போட்டால் போதும், காரியம் முடிந்தது. ஆனால் கட்டு சரியில்லாத மூட்டையைத் தெரிந்தே அடுத்தவன் முதுகில் ஏற்றுகிறவனை அப்பா ஒரு வார்த்தை சொல்லித் திட்டுவார். அச்சில் ஏற்ற முடியாத வார்த்தை.

செட்டைக் கழுவினாள். காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியை மடித்துக் கீழ் செட்டின் இரண்டு பக்கமும் வைத்து, வாயில் மாட்டிவிட்டாள்.

"மெதுவா கடிங்க. இப்ப உதட்டை மூடுங்க."

முகம் அரை விரல் அளவு நீண்டது. வாயோரப் பள்ளம் பாதி மறைந்தது. உள்ளே மடங்கிக் கிடந்த உதடு வெளியே வந்தது. நர்ஸ் நீட்டிய கண்ணாடியை மனைவி ஓரமாகத் தள்ளிவிட்டு நேராக அவர் முகத்தையே பார்த்தாள்.

"இந்த மனுஷன் இத்தனை நாளா எங்க போயிருந்தாரு?"

டிரைவர் துணியைக் கடித்தபடி என்னவோ சொன்னார். ஒருவருக்கும் விளங்கவில்லை.

"பேசாதீங்க. அழகா இருக்கீங்க" என்றாள் மனைவி.

தலைவி சிரிக்கவில்லை. "இது பல் வேலை. நான் கேட்டது, என்ன ஆபரேஷன் செய்வேன்னு."

"இப்ப செய்ய மாட்டேன் மேடம். இந்தத் தொய்வுல பாதி பல்லால வந்தது. அதையும் சேத்து வெட்டிட்டா, பின்னால இவர் சரியான உயரத்துல செட் போடறப்ப தோல் பத்தாது. தையல் இழுக்கும், தழும்பு விரியும். முதல்ல செட். ஆறு மாசம் கழிச்சும் எது தொங்குதோ அதை மட்டும் வெட்டுவேன்."

"எங்க?"

அவள் பேனாவை வாங்கி, கன்னத்தில் இஸ்திரி வரைந்திருந்த கோட்டுக்கு உள்ளே, காதுக்கு முன்னால் சின்னதாக ஒரு கோடு போட்டாள். தோலில் வரைந்து பழக்கமில்லாததால் கோடு கொஞ்சம் கோணல்.

தலைவி இஸ்திரியிடம் திரும்பினார். "நீ ஏன் வாயைப் பாக்கலை?"

"முகத்தைத்தானே பாக்கச் சொன்னீங்க மேடம்."

"வாய் என்ன முதுகுலயா இருக்கு?"

நர்ஸ் இந்தமுறை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

"கோடு அவன்தான் நல்லாப் போடறான்" என்றார் தலைவி அவளிடம். "அதைப் பழக்கிடலாம். இடம் உனக்கு. இனிமே வலப்பக்கமே போய் ஒட்டிக்காதே, இங்க தலைமாட்டுல நின்னு பழகு." பிறகு இஸ்திரியிடம், "நீ அடுத்த வருஷம் வா. நடுவுல ஒரு மாசம் பல் ஆஸ்பத்திரில போய் உக்காரு."

இஸ்திரியின் முகம் தொங்கிப்போனது. ஆனாலும் அவளருகே வந்து கை நீட்டினான். "அங்க யாரைப் பாக்கணும்னு எழுதிக் குடுங்க பல்லு."

டிரைவரின் மனைவிக்கு இதெல்லாம் வேண்டாத பேச்சு. "அந்தப் புது செட்டை யாரு செய்வாங்க?" என்று கேட்டாள். எல்லோரும் ஒரே ஆளைப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை, முக அழகு அறுவைப் பிரிவின் புதிய பயிற்சி டாக்டர் முதல் வேலையாக டிரைவரின் ஈறுக்கு அச்சு எடுத்தாள். மனைவி பக்கத்திலேயே நின்றாள்.

"பல்லைக் கொஞ்சம் எடுப்பாவே வைங்க டாக்டர். சிரிச்சா தெருக்கோடி வரைக்கும் தெரியணும்."