முப்பத்தெட்டுப் பேரை இறக்கிய அக்ஸில்

பருத்தித்துறை ஆஸ்பத்திரி வாசலில் சிவதர்ஷனின் பிக்கப்பில் ஏறியவர்கள் இரண்டு பேர். யாழ்ப்பாணம் சோனகதெருவில் அதிலிருந்து இறங்கியவர்கள் முப்பத்தெட்டுப் பேர். ஒரே நாளில் அல்ல. செவ்வாய்க்கு ஒருவர், வெள்ளிக்கு ஒருவர் என்று பத்தொன்பது கிழமை எடுத்தது. தேங்காய் இருநூறு ரூபாய்க்குப் போனதும் இதுவும்தான் அப்போது வடமராட்சியில் கதைக்கப்பட்டன. தேங்காயைத்தான் சனம் நம்ப மறுத்தது.

சிவதர்ஷன் குடியிருந்தது மணற்காட்டுக்கு அப்பால், றோட்டு என்பது வரைபடத்தில் மட்டும் இருக்கிற இடத்தில். மனைவி உதயகலாவுக்கு இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்துவிட்டன. கிழமைக்கு இரண்டுதரம் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு தவறினால் மூன்றாவது தேவைப்படாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அந்த மணலோ, முன்னொரு காலத்தில் ஒரு முழு பஸ்ஸையும் விழுங்கி, டிக்கெட் புத்தகத்தை மட்டும் துப்பிய மணல். மூன்று மாதத்தில் மூன்றுதரம் பிக்கப்பின் அக்ஸில், சில்லுகளைத் தாங்கிச் சுற்றும் அச்சு, அதில் முறிந்தது. மூன்றாம்தரம் நாலு மணித்தியாலம் வெயிலில் கிடந்து உதயகலா நினைவிழந்தாள்.

கரவெட்டியில் கராஜ் வைத்திருக்கும் லெனாட், முறிந்த துண்டைக் கையில் உருட்டிப் பார்த்தார். "உது பிக்கப்புக்குச் செய்ததில்லை, பிஸ்கற்றுக்குச் செய்தது," என்றார். "லொறியின்ரை போட வேணும். முன்னும் பின்னும் ஒரே லொறியிலை கழட்டின சோடியா வேணும். கியர்ப் பல்லுக் கணக்கு மாறினால் முன்சில்லு ஒரு ஊருக்கும் பின்சில்லு இன்னொரு ஊருக்கும் போகும்." இருவரும் ஊர்காவற்றுறை முதல் கிளிநொச்சி வரை பழைய இரும்புக்கடை ஒன்றுவிடாமல் தேடினார்கள். கடைசியில் சோனகதெருவில், ஹமீதின் கடையில், பழைய ரயர்களுக்குக் கீழே அது கிடந்தது: நாலு சில்லும் இழுக்கிற பழைய லொறி ஒன்றின் சோடி, முப்பத்துச்சொச்சம் வருடமாகத் துருக்கறள் ஒரு பொட்டும் ஏறாமல். ஹமீத் புத்தளத்துக்குக் கலியாண வீட்டுக்குப் போயிருந்தார். அவருடைய மனைவி சுஹறாதான் விற்றார். லெனாட் பல்லை எண்ணினார், நீளம் அளந்தார், சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்டார். எங்கே ஓடினது என்று மட்டும் கேட்கவில்லை.

ஸ்பிரிங் தட்டு உட்காரும் இடங்களை வெட்டி, தள்ளி ஒட்டி, பூட்டி முடிக்க ஐந்து நாள் ஆயிற்று. ஒரு சுத்திகரிப்புத் தவறிப்போனது. இரண்டாவது தவறமுன் செல்வச்சந்நிதியில் நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து நசித்து, உதயகலாவை ஏற்றினார்கள். பிக்கப் மணலில் எருமைபோல ஏறி நடந்தது. பின்னேரம் திரும்பும்போதுதான் ஆஸ்பத்திரி வாசலில் அதன் பின்பக்கம் நாற்பது அந்தர் நெல் ஏற்றியதுபோலப் பதிந்தது. கிழக்கே வீட்டுப்பக்கம் திருப்பினால் சில்லு சுற்றாது. மேற்கே திருப்பினால் மிதிக்காமலே ஓடும். அப்படியே ஓடி, இருபது மைல் தாண்டி, சோனகதெருவில் ஒரு வீட்டு வாசலில் நின்றது. பின்கதவுச் சங்கிலி தானாகக் கழன்றது. ஓர் ஆள் இறங்கியதுபோல ஸ்பிரிங் ஒரு நூல் அளவு எழும்பியது. பிறகு வீட்டுக்குத் திருப்பச் சம்மதித்தது.

வெள்ளிக்கிழமையும் அதே கதை. சத்தம் கேட்டு ஹமீத் வெளியே வந்து, குனிந்து அக்ஸிலைப் பார்த்தார், நிமிர நேரமெடுத்தார். தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில், இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லாரும் வெளியேற்றப்பட்டபோது, இந்தத் தெருவில் முப்பத்தெட்டுப் பேரை ஏற்றிப்போன லொறி அது. புத்தளத்தில் பழுதாகி நின்றதோடு சரி. ஊர் திரும்பும்போது அக்ஸில் சோடியை மட்டும் அவர் கழற்றி, பஸ் கூரையில் கட்டிக் கொண்டுவந்தார்.

"தம்பி, சனத்தைக் கொண்டுபோனது, திருப்பிக் கொண்டரேல்லை. அந்தக் குறையோடை கிடந்தது," என்றார் ஹமீத். "என்னை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

"விக்கிற ஆக்கள் சொல்லியிருக்கலாம்," என்றான் சிவதர்ஷன். அன்றே லெனாட்டிடம் போய்க் கழற்றச் சொன்னான்.

"கழட்டலாம். பிறகு அவவை முதுகிலையோ காவப்போறாய்?"

பிக்கப்புக்குள் சாய்ந்திருந்த உதயகலா கண்ணைத் திறக்காமலே, "இஞ்சாருங்கோ, ஏறின சனம் இறங்கட்டும்," என்றாள். "எனக்கும் வீடு போய்ச்சேரிறதுதானே வேணும்."

அதன்பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் ஹமீத் தெருமுனையில் காத்துநின்று, இறங்குகிறவரைப் பேர்சொல்லி அழைத்தார். சுஹறா உதயகலாவைப் பாயில் படுக்கவைத்தார். இருபத்திரண்டாம் தரம் பிக்கப் நின்ற இடத்தில் வீடே இல்லை, முட்பற்றைதான். சங்கிலி கழன்றது, ஸ்பிரிங் எழும்பவில்லை. ஒரு மணித்தியாலம் போனது. உதயகலாவின் உதடு நீலமாயிற்று. சிவதர்ஷன் சில்லை உதைத்தான், பிறகு அதையே கும்பிட்டான். ஹமீத் வெறுங்கையால் பற்றையை விலக்கி, "பரீதா மாமி, வீடு இல்லைத்தான். வளவு மண் உங்கடை. இறங்குங்கோ," என்றார். ஸ்பிரிங் மெல்ல எழும்பியது. பிக்கப் நாலே நிமிடத்தில் இருபது மைல் பறந்து பருத்தித்துறை ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. மூன்று நாள் வார்ட்டில் கிடந்து உதயகலா மீண்டாள்.

கடைசி வெள்ளி பிக்கப் ஹமீதின் வீட்டு வாசலிலேயே நின்றது.

"இஞ்சை ஆர் இனி? வாப்பாவும் உம்மாவும் போன மாதமே இறங்கிட்டினம்," என்றார் ஹமீத்.

சங்கிலி கழன்றது. ஸ்பிரிங் முழுதாக எழும்பியது. ஹமீத் கொஞ்சநேரம் தன் முழங்காலைத் தடவிக்கொண்டு நின்றார். அந்த லொறியில் ஏறும்போது அவருக்கு வயது பத்தொன்பது. நாற்பதில் பஸ்ஸில் திரும்பிவந்தவர் வேறு ஆள். அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்த சுஹறா முக்காட்டைச் சரிசெய்தார். புத்தளத்து முகாமில், ஹமீதுக்கு இருபத்தாறு வயதானபோதுதான் அவர் ஹமீதை முதன்முதல் கண்டவர்; இந்தப் பத்தொன்பது வயது இளந்தாரியைக் கண்டதேயில்லை.

இப்போது பிக்கப் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கிழக்கே, வீட்டுக்குப் போகிறது. அக்ஸில் முறியவில்லை, உதயகலா பிறகு ஒன்றும் தவறவிடவில்லை. சுஹறா உலையில் அரைக்கொத்து அரிசி கூடப் போடுகிறார், அது மிஞ்சுவதில்லை. புதுச்சாரம் ஒன்றைக் காணவில்லை என்று ஹமீத் முறைப்பட்டார். "இளந்தாரி உடுத்திருப்பான், விடுங்கோ," என்றார் சுஹறா.