நாலாவது கட்டம்

நாலாவது கட்டம் மினுக்கிக்கொண்டே இருக்கிறது, திரையின் அடியில் மூன்று முகங்கள், பக்கத்தில் ஒரு கறுப்புச் சதுரம், அதற்குள் ஒரு வெள்ளைக்கோடு வந்து வந்து போகிறது, பாளையங்கோட்டை வீட்டில் இந்தக் கட்டத்தை நாங்கள் காலியாக விட்டதே கிடையாது, கம்ப்யூட்டர் விளையாட்டில் சண்டைக்குப் போகிற கூட்டத்தில் நாலு பேருக்கு இடம் என்றால் நாலு பேரும் வேண்டும், மந்திரக்காரி நான், வைத்தியக்காரி என் நாத்தனார் தவமணி, வாள்வீரனுக்கு என் வீட்டுக்காரர் பேர், அதை நான் வாயால் சொல்வதில்லை, விரலால் தட்டினேன், திருடனுக்கு வீட்டு ஓனர் சூசையா பேரை வைத்தாள் தவமணி, அவர் அடி வாங்கும்போதெல்லாம் கை தட்டுவோம், கடைசி அரக்கன் மட்டும் சாகவே மாட்டேன் என்கிறான், தவமணிக்கு சவுதியில் நர்ஸ் வேலை கிடைத்துக் கிளம்புகிற நாள் அது, கார் வருகிற நேரம், முடிவைப் பாக்காம நான் ஏற மாட்டேன் மதினி என்று பெட்டி மேலேயே உட்கார்ந்திருக்கிறாள், நெருப்புப் பறவையைக் கூப்பிடும் மந்திரத்தைப் போடுகிறேன், இடமில்லை என்று வருகிறது, எப்போதும் அப்படித்தான், மந்திரம் கெட்டுப்போனது என்றே நினைத்திருந்தோம், மறுபடி தோற்று மறுபடி சத்திரத்தில் முழிக்கிறோம், அப்போதுதான் தவமணி தலையில் அடித்துக்கொண்டாள், ஐயோ மதினி, பறவை வந்து நிக்க இடம் வேண்டாமா, நாலு கட்டத்தையும் நாமளே அடைச்சுக்கிட்டு இருக்கோமே.

அப்போ சூசையாவைக் கழட்டிவிடு என்றேன், அந்த ஆளுதான் மதினி இருக்கிறதிலேயே பலசாலி, வேணும்னா என்னை எடுங்க, நான்தான் ஊருக்குப் போறேனே, சீ, வாயைக் கழுவு, காயத்துக்கு யாரு மருந்து போடுவா என்று நான் அதட்டிக்கொண்டிருக்கையிலேயே பின்னால் நின்ற என் வீட்டுக்காரர் மௌஸைப் பிடுங்கித் தன் பேரை அழுத்திவிட்டார், நான் இங்கனயே சத்திரத்துல காலை நீட்டிப் படுக்கேன், ஜெயிச்சுட்டு வந்து கூப்பிடுங்க, பறவை வந்தது, திரை முழுக்கச் சிறகு, அரக்கன் மடங்கி விழ, தவமணி குதித்த குதியில் பெட்டி திறந்து சேலையெல்லாம் தரையில், வாசலில் கார் ஹாரன், பறவையும் பறந்துபோக, கட்டம் காலி, அப்படியே சேவ் செய்து அணைத்தோம், அவள் போனாள், வருஷங்கள் போயின, அவரும் போய்ச் சேர்ந்தார், பரணிலிருந்து இந்தக் கம்ப்யூட்டரை இறக்கியது இன்றைக்கு, வேலை முடிந்து ஊரோடு வந்துவிட்ட தவமணிதான், தலை முழுக்க வெள்ளை, வாய் மட்டும் அப்படியே, அண்ணனை மறந்துட்டு வந்துட்டமே மதினி, சத்திரத்துக்கு நடங்க, நடக்கிறோம், நான், அவள், இன்னும் மூச்சு வாங்குகிற சூசையா, கதவைத் தள்ளினால் கட்டிலில் காலை நீட்டியபடி அவர், ஒரு காயமில்லை, ஒரு நரையில்லை, கூட்டிக்கொள்ளவா என்று திரை கேட்கிறது, இன்னும் என்ன யோசனை, அமுக்குங்க என்று என் தோளை இடிக்கிறாள், அமுக்குகிறேன், வெள்ளைக்கோடு நின்றுவிட்டது, நாலாவது கட்டத்தில் தூக்கம் கலைந்த அவர் முகம், ஜெயிச்சாச்சா என்கிறது, அப்பவே ஜெயிச்சாச்சுங்க.